பிறவி மேதையும் கோடைச் சம்பளமும்

அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் என்னும் சர்க்கார் ஸ்தாபனமானது, பட்டப்படிப்பு முடியாத மாணவர்களைக் கோடை விடுமுறையில் சுமார் 10 வாரம் ஆராய்ச்சிசாலைகளில் சேர்த்து, உபகாரச் சம்பளமும் கொடுத்துப் பழக்கும் திட்டத்தை 1987-ல் ஏற்படுத்திற்று. கம்ப்யூட்டர் அமைப்பு முறைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் அதில் இடமுண்டு.

ஒரு கம்ப்யூட்டர் ஏன் தாமதிக்கின்றது, ஆயிரம் கம்ப்யூட்டர்கள் கூடிச் செய்யும் வேலையில் ஒன்று கெட்டால் மற்றவை எப்படி நடத்துவது என்பவை போன்ற கேள்விகளே அவ்வாராய்ச்சியாகும். இதில் ஆசிரியர் சொன்னார் என்பது செல்லாது; ஓட்டிப் பார்த்து, அளந்து, கணக்குக் காட்ட வேண்டும்.

"இதெல்லாம் பிறவி மேதைகளுக்கே வரும்" என்பவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். ஆராய்ச்சிசாலையின் வாசலையே மிதியாதவனுக்கு அறிவுண்டா இல்லையா என்பதை எதைக்கொண்டு கண்டீர்கள்? ஆராய்ச்சி வசதியில்லாத காலேஜ் மாணவர்களையும் சேர்க்க வேண்டுமென்று அத்திட்டம் வற்புறுத்துவது இதனால்தான்.

சம்பளத்தைப் பிச்சையென்று நினைப்பதும் தவறு. கோடையில் கூலிக்குப் போய் அடுத்த வருஷப் படிப்புக்குப் பணம் சேர்க்கிறவன், சம்பளமின்றிப் பழகு என்றால் எப்படி வருவான்? வாசலைத் திறந்து வைத்துப் படியை எடுத்துவிட்டது போலத்தானே ஆகும்?

ஆனால் ஒன்றை நாம் சொல்லாமலிருக்க முடியாது. தெரிந்தெடுக்கும்போது, முன்பே ஆராய்ச்சி செய்தவனுக்கும், பெரிய புரொபசரிடம் சிபார்சுக் கடிதம் பெற்றவனுக்கும் முதலிடம் கொடுத்தால், உள்ளே இருப்பவனே மறுபடியும் உள்ளே வருவான். நீந்தத் தெரிந்தவனுக்கே நீச்சல் கற்றுக்கொடுப்போம் என்பதில் என்ன அர்த்தமிருக்கிறது?

ஆகவே, எந்நாட்டில் இத்தகைய திட்டம் வைத்தாலும், சம்பளம் கொடு, சிபார்சைக் குறை, சந்தர்ப்பமில்லாத ஆணுக்கும் பெண்ணுக்கும் முதலில் இடங்கொடு என்பதே நமது அபிப்பிராயமாகும்.