யாருடைய மூக்கின் உயரத்தில் அளக்கிறோம்?

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டுதான். மூன்றாவதன் அடித்தளத்தையும் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. இருக்குவேளிர் கால மண் என்றால் அவ்வளவு அக்கறை! சுற்றியுள்ள வயல்களின் மண்ணில் தங்கிய பூச்சிக்கொல்லிக்கு எந்தத் துறை?

வேளாண்மையில் டிடிடிக்கு 1989-லும் எண்டோசல்பானுக்கு 2011-லும் தடை வந்தது. லிண்டேன் 2013 வரை புழங்கியது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் வகைப்படுத்தியது.

தடையோடு கதை முடியவில்லை. டிடிடி பாதியாகக் குறையவே மண்ணில் 2 முதல் 15 ஆண்டுகள் பிடிக்கும். தெளித்த காலத்தில் வாங்கி வைத்த நஞ்சை, தெளிப்பு நின்று காற்று தெளிந்தபின் மண் திருப்பித் தருகிறது. வெயில் ஏறினால் கூடுதலாக ஆவியாகும். உழுது புரட்டினாலும் அப்படித்தான்.

இதை அளக்க முடியும். ஒரே இடத்தில் மண்ணையும் காற்றையும் எடுத்து, நஞ்சு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்கிடலாம். இன்னும் நேரடியான வழி, தரையிலிருந்து ஒரு சாண், ஒரு முழம், ஓர் ஆள் உயரம் என்று பல மட்டங்களில் காற்றைப் பிடிப்பது. மண் நஞ்சை வெளிவிடுகிறது என்றால் தரையோரம் செறிவு கூடுதலாக இருக்கும், மேலே போகப் போகக் குறையும்.

இங்கேதான் சாதி வருகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வழிகாட்டுதலின்படி காற்றை உறிஞ்சும் வாய் 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். புகைக்கும் தூசிக்கும் அது சரியாக இருக்கலாம். ஆனால் களை பறிக்கும் பெண்ணின் மூக்கு தரையிலிருந்து இரண்டடியில் இருக்கிறது. பட்டா யார் பெயரில், குனியும் முதுகு யாருடையது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தேசியக் காற்றுத் தர அளவுகோலின் 12 மாசுகளில் பூச்சிக்கொல்லி ஒன்றுகூட இல்லை. மண்–காற்றுப் பரிமாற்றத்தை அளந்து 2015-ல் வெளியான முக்கிய ஆய்வும் சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களைப் பற்றியதே.

இதே மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. வயற்காற்றில் இருப்பது கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாது. கருவி வைத்தால்தான் உண்டு. நடவு, களையெடுப்பு நாட்களில், முழங்கால் உயரத்தில், கூலிக்காரர்கள் வேலை செய்யும் வயலிலேயே வைக்க வேண்டும். முடிவுகளைக் கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும்.