மூன்று நாளில் பாங்காக்! யாருடைய பாங்காக்?

இரண்டு இரவு, மூன்று பகல். பாங்காக்குக்கு வாருங்கள் என்று கூவுகின்றன சுற்றுலா விளம்பரங்கள்! பொன் வேய்ந்த கோபுரத்தைப் பார், படகில் போ, சந்தையில் சாமான் வாங்கு, அலுத்த காலைப் பிடித்துவிடச் சொல், நாலாம் நாள் வீட்டுக்குத் திரும்பு. தாய்லாந்துக்குப் “புன்னகை நாடு” என்று பட்டப்பெயர் வேறு!

ஊர் சுற்றிப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. மாடாய் உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டும். அயல் தேசத்தைப் பார்க்கும் ஆசை பணக்காரனுக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுத்த நிலமல்ல. நாம் கேட்பது ஒன்றுதான்: இந்த மூன்று நாளில் பாங்காக்கைக் கட்டியவன் எங்கே? அதைக் கூட்டிப் பெருக்குகிறவள் எங்கே? காசு வாங்குகிறவர்கள் காட்டும் மூன்று நாளையே எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

முதல் நாள்: அரண்மனை

1782ல் முதலாம் ராமா மன்னர் சாவ் பிரயா ஆற்றங்கரையில் தலைநகரை நிறுவியபோது எழுந்தது அரண்மனை. மரகத புத்தர் கோயிலும் அதன் மதிலுக்குள்ளேதான். வெளிநாட்டார் உள்ளே போக 500 பாட் கட்டணம். சரி, பாங்காக் தொழிலாளிக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச நாள் கூலி எவ்வளவு? 2025 ஜூலையிலிருந்து 400 பாட். அதற்கு முன் 372.

பயணி அரைநாள் வேடிக்கைக்காக வாசலில் வைக்கும் காசு, ஓட்டலில் அவனுடைய படுக்கையை விரிக்கும் பெண்ணின் ஒரு நாள் கூலியைவிட அதிகம்! உள்ளூர் மக்களுக்கு அரண்மனையில் கட்டணம் கிடையாது என்பார்கள். உண்மைதான். போய்ப் பார்க்க நாள் வேண்டாமா? 1998ஆம் வருஷத்துத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு வருஷம் உழைத்து முடித்தவருக்குக் கூலியோடு கூடிய வருஷ லீவு குறைந்தது 6 நாள். இந்த மூன்று நாள் சுற்றுலாவை அந்தப் பெண் போனால், வருஷ லீவில் பாதி தீர்ந்தது!

அரண்மனையை அடுத்து சனாம் லுவாங் மைதானம். அதன் ஓரத்தில் தம்மசாத் பல்கலைக்கழகம். விளம்பரத்தில் இதற்கு ஒரு வரி உண்டா?

1973ல் மக்கள் கொதித்தெழுந்து ராணுவ சர்வாதிகாரி தனோமை நாட்டை விட்டு ஓட்டினார்கள். 1974ல் விவசாயிகள் சம்மேளனம் அமைத்துக் குத்தகைக் கொடுமையை எதிர்த்தார்கள். அதன் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1976 செப்டம்பரில் தனோம் திரும்பி வந்தான். அதைக் கண்டித்துச் சுவரொட்டி ஒட்டிய மின்சாரத் தொழிலாளர் இருவரைக் கொன்று தூக்கில் தொங்கவிட்டார்கள். நியாயம் கேட்டு மாணவர்கள் தம்மசாத்தில் திரண்டனர். அக்டோபர் 6ஆம் தேதி காலையில் போலீசும் வலதுசாரிக் குண்டர்களும் உள்ளே புகுந்து சுட்டார்கள். சர்க்கார் கணக்கிலேயே 46 பேர் மாண்டனர். அன்று மாலையே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

புன்னகை நாட்டில் வாய் திறந்தவனுக்குக் கிடைத்த பரிசு இது!

இரண்டாம் நாள்: சந்தை

சனி, ஞாயிறுகளில் சத்துசாக் சந்தைக்குக் கூட்டிப் போவார்கள். ஆயிரக்கணக்கான கடைகள், துணி, பானை, செடி, தீனி. பார்க்க அழகுதான். அந்தச் சந்தைக்கு அருகே 2025 மார்ச் 28ஆம் தேதி நடந்தது என்ன?

பர்மாவில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாங்காக்கும் ஆடியது. நகரத்தின் வானளாவிய மாளிகைகள் ஆடி நின்றன. கட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு கோபுரம், 30 மாடிக்குக் குறையாதது, சில வினாடியில் மண்ணோடு மண்ணாய்ச் சரிந்தது. ஏறத்தாழ 90 உயிர்கள் போயின. பிழைப்புக்காகப் பர்மாவிலிருந்து வந்த கூலிகளும், வானம் பார்த்த வடகிழக்கு ஜில்லாக்களிலிருந்து வந்த ஏழை விவசாயியின் பிள்ளைகளும் அந்த இடிபாட்டில் கிடந்தார்கள். கம்பியைச் சோதித்தபோது அதில் தரமில்லாத கம்பியும் இருந்தது தெரிய வந்தது.

அந்தக் கட்டடம் யாருக்காக எழுந்தது தெரியுமா? அரசாங்கத் தணிக்கை அலுவலகத்துக்காக! ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்கிறவர்கள், தங்கள் கூரையைத் தாங்கும் தூணைத் தணிக்கை செய்யவில்லை.

சாரத்தில் நின்றவனுக்கு ஆபத்து தெரிந்திருந்தாலும் யாரிடம் சொல்வான்? அங்கே 1975ஆம் வருஷத்துச் சட்டப்படி, சங்கம் அமைக்கவும் அதன் நிர்வாகத்தில் இருக்கவும் தாய்லாந்துக் குடியுரிமை வேண்டும். பர்மாக்காரன் மூட்டை தூக்கலாம், கல் சுமக்கலாம், செத்தும் போகலாம்; சங்கத்துக்குத் தலைமை தாங்கக் கூடாது! முதலாளிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

மூன்றாம் நாள்: பாலம்

மூன்றாம் நாள் மேற்கே காஞ்சனபுரிக்குப் பஸ் போகும். குவாய் ஆற்றுப் பாலம்! 1957ல் வந்த சினிமாவால் உலகப் புகழ் பெற்றது. பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ரயிலில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பலாம்.

இந்த ரயில் பாதைதான் சயாம் மரண ரயில். ஜப்பானிய ராணுவம் 1942லிருந்து 1943 அக்டோபர் வரை சயாமையும் பர்மாவையும் இணைத்துப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. வேலை வாங்கப்பட்ட வெள்ளைக்கார யுத்தக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காஞ்சனபுரி மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். வெட்டிச் சீராக்கிய புல், பேர் பொறித்த பலகை. அவர்களுக்கு அந்த மரியாதை தக்கதே.

ஆசியக் கூலிகள் எத்தனை பேர் செத்தார்கள்? 90,000 இருக்கும் என்பது ஒரு மதிப்பு. சரியான கணக்கே கிடையாது. எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை! அவர்களில் பல்லாயிரம் பேர் மலேயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழர்கள். தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் பஞ்சம் பிழைக்கக் கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகள். சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி ஏற்றிப் போனார்கள். காட்டில் காலராவும் பட்டினியும் காத்திருந்தன. தமிழ்த் தொழிலாளருக்கென்று காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நிற்க 2023 வரை, 80 வருஷம் ஆயிற்று.

ஒரே பாதை, ஒரே சாவு. அதிலும் ஒருவனுக்குப் பேர் பொறித்த கல். இன்னொருவனுக்கு எண்ணிக்கைகூட இல்லை!

நாம் சொல்வது

வசதி உள்ளவர் போகட்டும். நம் பிள்ளைகளும் ஒரு நாள் போகட்டும். போகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும். அரண்மனை வாசலில் தம்மசாத்தை நினைக்கட்டும். சந்தைக்குப் போகும் வழியில், அருகே புதைந்து மாண்ட 90 பேரை நினைக்கட்டும். பாலத்தில் போட்டோ எடுக்குமுன் தண்டவாளத்துக்கு அடியில் கிடப்பவர் யார் என்று கேட்கட்டும்.

சம்பளத்தோடு போதிய லீவு, எந்த தேசத்தான் ஆனாலும் சங்கம் அமைத்து நடத்தும் உரிமை, சாரத்தில் ஏறுகிறவன் உயிரோடு இறங்கும் உத்தரவாதம்: இவை பாங்காக்கிலும் வேண்டும், நம் மில்லிலும் வயலிலும் வேண்டும். அன்றுதான் ஓட்டல் அறையைப் பெருக்கும் அந்தப் பெண்ணும், ஆலையில் நூல் இழுக்கும் நம் சகோதரியும், பயணியாய் ஊர் பார்க்கக் கிளம்புவார்கள். விளம்பரத்துக்காக வரவழைத்த புன்னகையாக அது இராது. அவர்கள் சொந்தப் புன்னகையாக இருக்கும்!