தீவு நிலமும் அனுபவ பாத்தியதையும்

கடலோரத்தில் நாலு தென்னை மரங்களையும் அவற்றின் பின்னே ஒரு மரவீட்டையும் காட்டி, அதன் கீழே இந்தோனேசியாவின் ஏதோ ஒரு தூரத்துத் தீவின் பெயரைப் போட்டு, இத்தனை வெள்ளிக்கு இத்தனை சதுர மீட்டர் என்று ஆசை மூட்டும் விளம்பரங்கள், கொஞ்சம் சேமிப்பு வைத்திருக்கும் மலேசியத் தமிழர்களான நம்மவர்களின் கைபேசிகளுக்கு இப்பொழுது தாராளமாக வந்து சேருகின்றன. ஓய்வு பெற்ற பிறகு அங்கே போய் நிம்மதியாகக் காலங்கழிக்கலாம், மனம் ஒப்பாவிட்டால் விலை ஏறியதும் விற்றுவிடலாம் என்று இரண்டு யோசனைகளும் ஒரே மூச்சில் சொல்லப்படுகையில், குடியிருக்க வாங்குகிற நிலத்தை விற்பதற்காகவும் வாங்க முடியுமா என்ற சந்தேகம் எவருக்கும் எழும். அதைக் காட்டிலும் பெரிதாக எனக்குப் படுவது, அந்த விளம்பரச் சித்திரங்கள் ஒன்றிலாவது மனித நடமாட்டத்தின் அடையாளமே தென்படாமை. தென்னை தானாக வரிசையில் முளைப்பதில்லை. நட்டவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் அதிகச் சிக்கல் இல்லை. இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நில அடிப்படைச் சட்டம், ‘ஹக் மிலிக்’ என்னும் முழு உரிமையை அந்நாட்டுப் பிரஜைகளுக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது; அந்நியர் ஒருவருக்கு அவ்வுரிமையை நேராகவோ மறைமுகமாகவோ மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு எதுவும் செல்லாது, நிலமும் அரசின் வசமாகிவிடும் என்று அதன் 26ஆம் பிரிவு கூறுகிறது. அந்நியருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது ‘ஹக் பாக்காய்’ என்னும் உபயோக உரிமையே. அதுவும் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி முதலில் 30, நீட்டிப்பில் 20, புதுப்பிப்பில் 30 என்று அதிகபட்சம் 80 ஆண்டுகளுக்கு. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பத்திரத்தைப் பதிந்து, பணம் போட்டவர் நாம்தாம் என்று தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளும் உபாயத்தைத் தரகர்கள் இன்றும் கூசாமல் சொல்லித் தருகிறார்கள். அப்பெயருக்குரியவர் மனம் மாறினால் உடைமை முழுவதும் அவருடையதே என்பதைச் சொல்லித்தரும் சிரமத்தை மட்டும் அவர்கள் மேற்கொள்வதில்லை.

ஆனால் சட்டத்துக்கு உட்பட்ட பத்திரமே கையில் இருக்கிறதென்று வைத்துக்கொண்டாலும், அந்த நிலத்தில் வசிப்பவர்களின் கதி என்ன என்ற விசாரணை தீர்ந்துவிடுவதில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியில், வட மலுக்குவைச் சேர்ந்த விடி தீவுக்கூட்டத்தின், நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின், அபிவிருத்தி உரிமை அயல்நாட்டு ஏல நிறுவனம் ஒன்றின் வழியே உலகச் சந்தைக்கு வந்தபோது இந்தோனேசியர் கொதித்து எழுந்தனர், அரசாங்கமும் தலையிட்டது. நமக்கு இன்னும் சமீபத்தில், பாத்தாம் தீவை ஒட்டிய ரெம்பாங்கில், கண்ணாடித் தொழிற்சாலையோடு கூடிய பெருநகரத் திட்டத்துக்காகப் பதினாறு பழைய கிராமங்களைச் சேர்ந்த சுமார் 7,500 பேரை வேறிடத்துக்கு மாற்ற முற்பட்டபோது, 2023 செப்டம்பர் 7ஆம் தேதி காவற்படையினர் வீசிய கண்ணீர்ப்புகை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் எட்டியது. அந்த ஜனங்கள் தங்கள் முன்னோர் 1834 முதல் அங்கே வாழ்ந்து வருவதாகச் சொல்கிறார்கள். அவர்களுள் பலரிடம் மயானம் இருந்தது, மசூதி இருந்தது, மீன்பிடிக் கொட்டகை இருந்தது, நிலச்சான்றிதழ் இல்லை.

இதை வாசித்து, யாரோ அயல்நாட்டு மீனவர்களுக்கு நேர்ந்த கஷ்டம் என்று இரக்கப்பட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிட முடியாது. ஏனெனில் பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையிலுள்ள சிம்பாங் அம்பாட்டிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் பத்து காவான் இருக்கிறது. இரண்டாம் பாலத்தில் ஏறுவதற்கும் ஐக்கியாவில் அலமாரி வாங்குவதற்கும் அங்கே வண்டி ஓட்டிச் செல்லும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு தீவு என்பது தெரியும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் ஜெஜாவி ஆறு, மற்றொரு பக்கம் தெங்கா ஆறு, எதிரே கடல் என்று நாலு திசையும் நீரால் சூழப்பட்டு, ஆற்றைப் படகில் கடந்தாலன்றி வெளியுலகத்தை எட்டமுடியாத தோட்டமாக அது வெகுகாலம் இருந்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தியோச்சூ சீனர்கள் அங்கே கரும்பு பயிரிட்டார்கள். 1840களில் ஐரோப்பியத் துரைமார்கள் செபராங் பிறையின் சதுப்பு நிலங்களில் சர்க்கரைத் தோட்டங்களைத் திறந்தபோது, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றப்பட்ட நம் ஜனங்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பினாங்கில் வந்து இறங்கினார்கள். கப்பல் கூலியும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டு, அந்தக் கடனைக் கழிக்க வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும் என்பதும், இடையில் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை என்பதும் அன்றைய நியமம். நிபோங் திபாலின் கலிடோனியாத் தோட்டத்திலும் சரி, பத்து காவானிலும் சரி, காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் மாண்டவர்களின் எலும்பு அந்த மண்ணிலேயே மக்கிக் கிடக்கிறது. 1910இல் அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது. கரும்பு போய்க் கித்தா வந்தது, தென்னை வந்தது, பின்னர் செம்பனை வந்தது. பயிர் எத்தனை முறை மாறியும் லயத்து வீட்டின் சட்டம் மட்டும் மாறவில்லை: வேலை உள்ளவரை கூரை உண்டு; வேலை நின்றால் கூரையும் போயிற்று. தாத்தா நட்ட முருங்கையும், பாட்டி வைத்த மல்லிகைக் கொடியும், ஊர் கூடிக் கட்டிய மாரியம்மன் கோயிலும் தோட்டத்துக் கணக்கில் கம்பெனியின் ஆஸ்தியே.

1990களில் மாநில அரசாங்கம் பத்து காவானைப் புது நகராக்கத் தீர்மானித்து நிலத்தைத் தன் வசமாக்கிக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் மாநில விளையாட்டு அரங்கம் எழுந்தது. அதன் பின் வெகுகாலம் அதைச் சுற்றிலும் செடியும் கொடியும் மண்டிக் கிடந்ததைப் பார்த்துப் பரிகசித்தவர்கள் உண்டு. 2014 மார்ச் 1ஆம் தேதி, பத்து மாவுங்கிலிருந்து கடலைக் கடந்து வரும் 24 கிலோமீட்டர் நீளமுள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் பாலம் திறக்கப்பட்டதும் பரிகாசம் அடங்கியது. மைக்ரோனும் போஸ்டன் சயின்டிஃபிக்கும் ஆலை அமைத்தன. 2019இல் ஐக்கியா கடை வந்தது. அடுக்குமாடிகளின் விலைப்பட்டியலைப் பிடித்துக்கொண்டு தரகர்கள் சாலையோரத்தில் நின்றார்கள். இந்த மாற்றம் கேடு என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. கூலிக்காரனின் பேரப்பிள்ளைகள் குளிரூட்டிய ஆலைக்குள் இயந்திர வல்லுநர்களாக வேலை பார்ப்பது, பழைய நாட்களின் மேல் ஏக்கம் கொண்டு எழுதுகிற எவரும் மறைத்துவிட முடியாத நன்மை. ஆனால் நிலத்தின் விலை உயர்ந்ததனால் விளைந்த லாபம் யாருடைய கணக்கில் சேர்ந்தது என்று கேட்டால், அந்தக் காட்டை வெட்டி அந்தச் சதுப்பை வடித்தவர்களின் கணக்கு என்று ஒன்று எந்தக் காலத்திலும் திறக்கப்படவே இல்லை என்பதுதான் விடை. அங்கே இன்றும் நடக்கும் நம் தமிழ்ப்பள்ளியின் பெயரில் ‘தோட்டம்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் பாத்தியதைக்கு அத்தாட்சி இல்லை.

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தை வாசகர் கவனிக்க வேண்டும். ஒரு நிலத்தைப் பகிரங்கமாகவும் தடையின்றியும் பன்னிரண்டு வருஷம் அனுபவித்து வந்தால் அனுபவ பாத்தியதை கொண்டாடலாம் என்பது தமிழ்நாட்டுக் கிராமத்தில் குடியானவன் அறிந்த நியாயம். இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டமும் தனியார் நிலத்தைப் பற்றிய மட்டில் அதை ஒப்புக்கொள்கிறது. கடல் கடந்து வந்த நம் ஜனங்கள் அந்த நம்பிக்கையையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தார்கள். மலேசியாவின் 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்போ, அரசு நிலத்தை எவ்வளவு காலம் அனுபவித்தாலும் உரிமை பிறக்காது என்று 48ஆம் பிரிவிலும், தனியார் நிலத்திலும் அவ்வாறே என்று 341ஆம் பிரிவிலும் தெளிவாகக் கதவை அடைத்துவிட்டது. பதிவேட்டில் பெயர் உள்ளவனே உடையவன். நூறு வருஷம் குடியிருந்தவனும் நேற்று வந்து கூடாரம் அடித்தவனும் அந்தப் பதிவேட்டின் முன் சமம். இந்தச் சமத்துவத்தைப் பார்த்து நான் மகிழவில்லை.

2009ஆம் ஆண்டில் பினாங்குத் தீவுப் பக்கத்தில் குளுகோரின் கம்போங் புவா பாலாவில் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டோம். பிரவுன் குடும்பத்துத் தோட்டத்தில் உழைத்தவர்களின் சந்ததியார், மாடும் கன்றுமாக வாழ்ந்த ஒரு தமிழ்க் கிராமத்தார், தோட்டக்காரர் தங்களுக்கென்று நிலத்தை விட்டுச்சென்றார் என்ற வாதத்தோடு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. மேம்பாட்டாளரின் ஏற்பாட்டுக்கு இணங்கிய குடும்பங்களுக்கு இரட்டை மாடி வீடு பின்னால் கிடைத்ததென்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த வீடுகள் சட்டத்தின் வழியே வந்தவை அல்ல; கூச்சல் எழுந்ததனால் வந்தவை.

சட்டம் தராததைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்று சரியாகக் கணக்கிட்டவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். சுதந்திரத்தையொட்டி ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த வேளையில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளிப் பங்கு சேர்க்கச் சொன்னார். பால்மரம் வெட்டுகிறவனிடம் போய், நீ நிற்கிற நிலத்துக்கு நீயே முதலாளியாகலாம் என்று ஒரு மந்திரி சொன்னது அக்காலத்தில் வேடிக்கையாகவே பலருக்குப் பட்டிருக்கும். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியபோது வேடிக்கை பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். நிலத்தில் முதலீடு என்ற சொல்லுக்கு அதைவிட உத்தமமான உதாரணம் நம் சமூக சரித்திரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பத்து வெள்ளிக்காரர்களின் பேரப்பிள்ளைகளே இப்பொழுது வேறொரு நாட்டின் தீவில் நிலம் தேடுகிறார்கள் என்றால், அதில் பிழை காண நான் யார்? ஆனால் அவர்கள் மற்ற முதலீட்டாளரைப் போல நடந்துகொள்ளலாகாது என்று மட்டும் வற்புறுத்துவேன்.

அயல்நாட்டில் நிலம் பார்க்கப் போகிறவர்கள், அதற்கு முன்னால் பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து கால் மணி நேரம் படகில் சென்று புலாவ் அமானில் ஒரு நாள் இருந்துவிட்டு வருவது உபயோகமாக இருக்கும். சில நூறு மீனவர்களே வாழும் சின்னஞ்சிறு தீவு. இறால் மீயும், 1891இல் நட்டதாகச் சொல்லப்படும் ஈரப்பலா மரமும் அதன் பிரசித்தி. மாலையில் கடைசிப் படகு போனபின் காய்ச்சல் கண்ட குழந்தையை எப்படிக் கரைக்குக் கொண்டுபோவது, கல்யாணமான பிள்ளைகள் ஏன் அக்கரையிலேயே தங்கிவிடுகிறார்கள், ஒரு மூட்டை சிமெண்டின் விலையோடு படகுக் கூலி எவ்வளவு சேருகிறது என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டால், தீவு வாழ்க்கையைப் பற்றி எந்தத் தரகரும் தராத கல்வி ஒரே பொழுதில் சித்திக்கும். பாலத்தின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே நிலைமை இதுவென்றால், விமானமும் கப்பலும் படகுமாக மூன்று மாறி ஏற வேண்டிய மலுக்குவிலோ சும்பாவிலோ எப்படியிருக்கும் என்பதை அவரவர் அநுமானித்துக்கொள்ளலாம்.

நம் மாநில அரசாங்கத்துக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தெற்குச் செபராங் பிறையில் இன்னும் மிச்சமிருக்கும் தோட்ட நிலங்கள் வீட்டுமனையாகவோ தொழிற்பேட்டையாகவோ மாற அனுமதி கோரி விண்ணப்பம் வரும்போது, அந்நிலத்தில் இரண்டு தலைமுறைக்கு மேல் குடியிருந்த குடும்பங்களின் பட்டியலும், அவர்களுக்கு ஒதுக்கப்படும் மனைகளின் எண்ணும், அவை அவர்கள் பெயரிலேயே கிராண்டாக, அதாவது நில உரிமைப் பத்திரமாக, பதியப்படும் தேதியும் அந்த விண்ணப்பத்தோடு இணைந்திருக்க வேண்டும். இல்லையேல் கோப்பு மேசையை விட்டு நகரலாகாது. நில உபயோக மாற்றம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நிபந்தனை விதிக்க ஒரு புதிய சட்டம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

இந்தோனேசியாவுக்குப் போகிறவருக்கு அத்தகைய அதிகாரம் ஏதும் இல்லை. அவர் கையில் உள்ளது முன்பணம் ஒன்றே. அந்நிலத்தில் யார் குடியிருந்தார்கள், யாருடைய சம்மதத்தின்பேரில் அது விலைக்கு வந்தது, அவர்கள் இப்பொழுது எங்கே இருக்கிறார்கள் என்று தரகர் உடன் இல்லாத வேளையில் ஊர்ப் பெரியவரிடமே விசாரித்து, பதில் மழுப்பலாக இருந்தால் அந்த முன்பணத்தோடு அடுத்த படகில் ஊர் திரும்பிவிட வேண்டும்.