நெஞ்சுவலி பெரட்டு வரைக்கும் காத்திருக்காது



கம்போங் குவாந்தான் படகுத்துறைக்கு மின்மினி பார்க்க வெளியூர்க்காரர்கள் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். ஆற்றங்கரை அழகை அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். அதே இருட்டில் நம் லயங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "நெஞ்சுல பாறாங்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றிருக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. "காத்து பிடிச்சிருக்கும்" என்று வீட்டம்மா கோடாலித் தைலம் தேய்த்து, இஞ்சித் தண்ணி வைத்துக் கொடுத்தார். விடிந்ததும் மனிதர் பெரட்டுக்குப் போய் மண்டோரிடம் சொல்லியிருக்கிறார். மண்டோர், "கொஞ்சம் உக்காரு, வண்டி வரட்டும்" என்றார். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது மணி ஒன்பது. உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இன்றைக்கு நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார்.

இந்த ஏழு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? வீட்டம்மாவை நாம் குறை சொல்ல மாட்டோம். தைலத்தைத் தவிர வேறு எதையும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்காத குற்றத்தில் சங்கத்துக்கும் பங்குண்டு.

மாரடைப்பு என்றால் என்ன? இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி விழுந்து அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட நிமிடத்திலிருந்து இருதயத் தசை செத்துக்கொண்டே வருகிறது. செத்தது திரும்ப வளராது. முழு அடைப்பாக இருந்தால் அந்தக் கட்டியைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் கொடுக்கக் கூடியதுதான். பெரிய இடங்களில் குழாய் விட்டு பலூன் வைத்துத் திறக்கிறார்கள். ஆனால் கரைக்கும் மருந்து முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் செய்யும் வேலையைப் பத்தாவது மணி நேரத்தில் செய்யாது. பன்னிரண்டு மணி தாண்டினால் பெரும்பாலும் கொடுக்கவே மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நாம் அடிக்கடி சண்டை போடுகிற விஷயம் ஒன்று. "நாங்க முதல்ல வந்தோம், பின்னால வந்தவனை உள்ள விடுறீங்களே!" அவசரப் பிரிவில் வந்த வரிசை கிடையாது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். அதனால் முகப்பில் நாம் என்ன சொல்கிறோம் என்பது முக்கியம். "உடம்பு சரியில்ல" என்று சொன்னால் பச்சையில் உட்கார வேண்டியதுதான். "சாக்கிட் டாடா" என்றோ "செசாக் நாபாஸ்" என்றோ முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதையும் சொல்லுங்கள். நெஞ்சுவலி என்றால் வந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. எடுக்கவில்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

"ஈ.சி.ஜி. நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் ஏன் விடமாட்டேங்கிறாங்க?" என்று கையெழுத்துப் போட்டு வெளியே வருகிறவர்களும் உண்டு. தோழர்களே, செய்யாதீர்கள்! முதல் ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தும் மாரடைப்பு இருக்கலாம். தசை சேதப்பட்டால் ரத்தத்தில் கசியும் பொருளைச் சில மணி நேரம் விட்டு மறுபடி சோதிப்பதற்குத்தான் நிறுத்தி வைக்கிறார்கள். இனிப்பு நீர்க்காரர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். பெண்களுக்குச் சில வேளை முதுகு வலி, குமட்டல், மூச்சு வாங்கல் என்று வேஷம் போட்டு வரும்.

அடுத்து மூச்சு. 2005 ஆகஸ்டில் நம் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் புகைமூட்டக் காற்றுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரகாலம் பிரகடனம் செய்தார்களே, நினைவிருக்கிறதா? இழுப்புக்காரர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அப்படி வருகிறவரை டாக்டர் முதலில் பேச வைத்துப் பார்ப்பார். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லையென்றால் நிலைமை மோசம். விரலில் கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள். புகையாக வரும் மருந்தை முகமூடி வழியாகக் கொடுப்பார்கள், ஸ்டீராய்டு கொடுப்பார்கள். இழுப்புச் சத்தம் திடீரென்று அடங்கி ஆள் சோர்ந்துவிட்டால், "அப்பாடா, குறைஞ்சிடுச்சு" என்று நினைத்துவிடக் கூடாது. காற்றே போகவில்லை என்று அர்த்தம். உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும், சிரிப்பு வராத வேடிக்கை. வார்டில் சொந்தக்காரர்கள் யாரும் பார்க்காதபோது ஆக்சிஜன் குழாயின் திருகைக் கூடுதலாகத் திருப்பி விடுகிறார்கள், பாசத்தில்! பல வருஷம் சுருட்டு, சிகரெட் பிடித்துக் கெட்ட நுரையீரலுக்கு 88-லிருந்து 92 வரை போதும் என்று அளந்து வைத்திருப்பார்கள். அதிகமானால் கெட்ட காற்று உள்ளே தேங்கி மனிதர் மயக்கத்துக்குப் போய்விடுவார். அதேபோல்தான் பாராக்குவாட். 2020 முதல் இந்த நாட்டில் அதற்குத் தடை. ஆனாலும் பழைய டப்பா எந்த ஸ்டோர் மூலையிலாவது கிடக்கலாம். அந்த விஷம் உள்ளே போனவருக்குத் தேவையில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். என்ன மருந்து என்று மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் லேபிளைக் கொண்டுபோங்கள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்கியிருக்கிறது என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அவரைப் படுக்க வைத்து வண்டியில் ஏற்றாதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆள் விழுந்து மூச்சில்லையென்றால் 999-க்கு அடித்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்துங்கள். போனில் பேசுகிறவர் வழி சொல்வார்.

முன்பு தோட்டத்துக்கு ஒரு டிரசர் இருந்தார். அவர் சிடுசிடுப்பாரோ, இல்லையோ, நடுராத்திரியில் கதவைத் தட்டினால் ஒரு விளக்கு எரியும். இன்று பல தோட்டங்களில் அந்த மருந்துக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. லயத்தில் மிஞ்சியிருப்பது வயதான நம் ஆட்களும், மொழி தெரியாத வங்காளதேசத்துத் தம்பிகளும். நோய் அவர்களையும் நம்மையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. இரவில் ஒரு வண்டி, ஓட்ட ஒரு ஆள், முதலுதவி படித்த இரண்டு பேர். ஆம்புலன்ஸ் வந்தால் செம்பனைக் காட்டுக்குள் வழி தெரிய முச்சந்தியில் ஒரு பலகை.

போன பேச்சுவார்த்தையில் ஒரு நிர்வாகியிடம் நாங்கள் கேட்டோம்: "ராத்திரி ஜாகா ரவுண்டு போயிருக்கும் நேரத்தில் கேட் சாவி யாரிடம் இருக்கும்?" விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறோம்.