ஐந்நூறு இடத்துக்காக அடகு போகும் ஆட்டம்

பிள்ளையை எட்டு வயதிலேயே ஏதாவது ஒரு விளையாட்டு அகாடமியில் சேர்த்துவிட வேண்டும், ஆண்டு முழுக்க அந்த ஓர் ஆட்டத்தையே ஆடவைத்துப் போட்டி போட்டியாக அனுப்ப வேண்டும், பிளஸ் டூ முடிக்கும்போது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதியில் அது வேர்விடுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர்களின் வாழ்க்கை ஷிப்ட் மணியோடு கட்டுண்டது. 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததை இங்குள்ளவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாகவும் பயிற்சித் தொழிலாளியாகவும் ஆண்டுகளைக் கழித்த ஒருவர், தன் பிள்ளைக்காவது உறுதியான பட்டம் வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. அந்த ஆசையை மதிக்கிறேன். அதற்கு இந்த வழி உதவாது, உதவாததோடு பிள்ளையின் உடம்பையும் ஆட்டத்தையும் கெடுக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்படுவது 500 இடங்கள். எம்.பி.பி.எஸ். படிப்பில் 7. மாநிலம் முழுவதும் எல்லா ஆட்டங்களிலிருந்தும் வருபவர்கள் இந்த எண்ணிக்கைக்குள்தான் அடங்க வேண்டும். தரவரிசை சான்றிதழின் மட்டத்தை வைத்துப் போடப்படுகிறது. மாவட்ட அளவில் வாங்கிய கோப்பைகள் ஒரு தேசியப் பதக்கத்தின் முன் நிற்காது. பத்தாண்டு மாதக் கட்டணம், ஷூ, மட்டை, வெளியூர்ப் பயணம், விடுதிச் செலவு எல்லாம் கொட்டியும் பெரும்பாலான பிள்ளைகளின் கையில் மிஞ்சுவது வரிசையில் எங்கோ பின்னால் நிற்கும் ஒரு காகிதம்தான். இவ்வளவுக்கும், இதே மாநிலத்தில் ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடிகையில் பல்லாயிரம் பொறியியல் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. நல்ல கல்லூரியில் கிடைக்காதே என்பார்கள். சரிதான். ஆனால் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் ஓர் இடத்துக்கு, பத்தாண்டு மாலைகளைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் கொடுக்கும் பிள்ளையின் வாய்ப்பு, அதே மாலைகளை ஒரு சான்றிதழுக்காகப் பணயம் வைக்கும் பிள்ளையின் வாய்ப்பைவிடக் குறைவு என்று யாரும் காட்டவில்லை.

இந்த நம்பிக்கை முற்றிப் பழுத்த நாடு அமெரிக்கா. அங்கே பேஸ்பால் ஆடும் குழந்தைகளைக் கல்லூரிக்குத் தயார் செய்வதே ஒரு பெருந்தொழில். தனியார் பயணக் குழுக்கள், ஆண்டு முழுக்கப் போட்டிகள், கல்லூரிப் பயிற்சியாளர்கள் முன் திறமையைக் காட்டும் முகாம்கள் என்று பணம் புரள்கிறது. உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் ஆடும் நூறு பேரில் ஏழெட்டுப் பேர்தான் அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் அணிகளை எட்டுகிறார்கள். முதல் பிரிவுக்குப் போவது ஏறக்குறைய இரண்டு பேர். முதல் பிரிவு அணி ஒன்றுக்கு மிக அண்மைக் காலம்வரை அனுமதிக்கப்பட்டது மொத்தம் 11.7 முழு உதவித்தொகை. அதையும் 27 பேர் வரை துண்டு போட்டுக்கொண்டார்கள். கல்லூரிக்காகச் சேர்த்திருக்க வேண்டிய பணத்தைவிட அதிகமாகக் கல்லூரி உதவித்தொகையைத் தேடுவதில் செலவழித்த குடும்பங்கள் அங்கே உண்டு. பணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. 1974இல் டாமி ஜான் என்ற தொழில்முறை வீரரின் முழங்கைத் தசைநாரைச் சீரமைக்க டாக்டர் ஃபிராங்க் ஜோப் ஓர் அறுவைச் சிகிச்சையைக் கண்டுபிடித்தார். வயது வந்த வீரரின் காயமடைந்த கைக்காக வந்த சிகிச்சை அது. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த அத்தகைய அறுவைகளில் பாதிக்கு மேல் 15 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு நடந்தவை என்று ஓர் ஆய்வு கண்டது. 2014இல், சிறுவர்கள் ஒரு நாளில் இத்தனை பந்துக்கு மேல் வீசக்கூடாது, ஆண்டில் நான்கு மாதமாவது போட்டியில் பந்து வீசாமல் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு விதிகள் வந்தன. 9, 10 வயதுக்கு நாளொன்றுக்கு 75 பந்துதான் உச்சம். நம் ஊர் அகாடமிகளில் வேகப்பந்து வீசும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இப்படிக் கணக்கு வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டும். அவன் முதுகெலும்பும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்புதான்.

இளமையிலேயே ஒன்றைப் பிடித்தால்தான் சிகரம் தொட முடியும் என்பது இந்த நம்பிக்கையின் உயிர்நாடி. உண்மை இதற்கு மாறாக இருக்கிறது. ஆர்னே கியூலிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியிட்ட முடிவு இது: உலகத்தரத்தை எட்டியவர்கள், தேசிய அளவோடு நின்றவர்களைவிடத் தங்கள் முதன்மை ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், சிறுவயதில் வேறு ஆட்டங்களையும் கூடுதலாக ஆடியவர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 15, 16 வயதுவரை ஒரே ஆட்டத்தில் பிள்ளையைப் பூட்ட வேண்டாம் என்றே 2016இல் சொன்னது. நம் கண்முன்னே கிரிக்கெட் வீரர் நடராஜன் இருக்கிறார். சின்னப்பம்பட்டியில் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர், 2020இல் இந்தியாவுக்கு ஆடினார். வருண் சக்கரவர்த்தி பள்ளியில் விக்கெட் கீப்பர். வாய்ப்பின்றி ஆட்டத்தை விட்டு, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் கட்டடக்கலை படித்து, வேலையும் பார்த்த பிறகுதான் கிரிக்கெட்டுக்குத் திரும்பி, பின்னர் சுழற்பந்து வீச்சாளரானார். கல்லூரி அவருக்குக் கிரிக்கெட் கொடுத்த பரிசு அல்ல. கிரிக்கெட் கைவிட்டபோது தாங்கிப் பிடித்த தரை. பேஸ்பாலையே எடுத்துக்கொண்டாலும், 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்து வளர்ந்த உத்தரப் பிரதேசத்துப் பையன்கள். பேஸ்பாலைத் தொடாமலே அந்தக் கை உருவானது. பல்லாயிரம் பேரிலிருந்து தேறிய அந்த இருவருமே மேஜர் லீக்கை எட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

கிரிக்கெட்டில் கூட்டம் அதிகம், கூட்டமில்லாத ஆட்டத்தைப் பிடித்தால் சான்றிதழ் சுலபம் என்று இதற்கு ஒரு பதில் சொல்லப்படுகிறது. பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இருக்கின்றன, அதில் சேர்த்துவிடுங்கள் என்பது அறிவுரை. கூட்டமில்லை என்று எல்லோரும் சொல்லத் தொடங்கிய அன்றே அங்கே கூட்டம் சேர்ந்துவிடும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் மைதானம் இல்லாத, சேர்ந்து ஆட நண்பர்கள் இல்லாத, பதினெட்டு வயதுக்குப் பிறகு எங்கும் தொடர முடியாத ஓர் ஆட்டத்தைச் சான்றிதழுக்காக மட்டும் பிள்ளைமீது சுமத்துவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. பேஸ்பாலை விரும்பி ஆடும் பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. விருப்பம் யாருடையது என்பதுதான் கேள்வி.

ஏழைப் பிள்ளைக்கு வேறு வழி ஏது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. விளையாட்டு ஒதுக்கீட்டால் படித்து மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒதுக்கீடு இருக்கவே வேண்டும். ஆனால் ஏற்கெனவே ஆட்டத்தில் சிறந்த ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடுவது அதன் வேலை. கடன் வாங்கி அகாடமிக்குக் கட்டணம் கட்டு என்று எந்த ஏழையையும் அது அழைக்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதற்குக் கோப்பை எதுவும் தேவையில்லை. தனியார் பள்ளிக்கும் அகாடமிக்குமாக ஓவர்டைம் பணத்தைப் பங்கிடும் குடும்பம் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டமே வேண்டாம் என்பதல்ல நான் கேட்பது. எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டம் வேண்டும் என்பது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின், பி.இ.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பள்ளிக்குள் பிடுங்கப்படும் அந்த ஆட்டத்தைத்தான் பெற்றோர் வெளியே காசு கொடுத்து வாங்குகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 706.50 கோடி ரூபாயில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. தொழிலாளிக்குப் படுக்கை வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர்களிடம், தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் திடல் கேட்பது அதிகப்படியல்ல. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். கிராமப்புற விளையாட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஊராட்சிக்கு ஒரு திடல், இரவு எட்டு வரை விளக்கு, சம்பளத்தோடு ஓர் உடற்கல்வி ஆசிரியர் என்று கிராமசபையில் தீர்மானம் போட்டு, சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஆலைகளுக்கு அனுப்பலாம். அகாடமிக்கு அடுத்த ஆண்டுப் பணம் கட்டும் முன் பெற்றோர் அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடட்டும்.