புது ஆஸிலாஸ்கோப் வாங்கப் போறீங்களா? பழசுலயே இதைச் செஞ்சு பாருங்க!

எல்.இ.டி பல்பு ரிப்பேர், ஆர்டினோ, ஆம்ப்ளிஃபையர் கிட் என வீட்டிலேயே எலெக்ட்ரானிக்ஸ் பழகுபவர்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். தென்காசி மாவட்டம் ராயகிரி போன்ற ஊரில் இருந்துகொண்டு, நினைத்த நேரத்தில் கல்லூரி லேபுக்குப் போக முடியாதவருக்கு, ஆன்லைனில் வாங்கிய குட்டி ஆஸிலாஸ்கோப்தான் லேப்.

மல்ட்டிமீட்டர் வோல்டேஜை ஓர் எண்ணாகச் சொல்லும். ஆஸிலாஸ்கோப், அந்த வோல்டேஜ் நொடிக்கு நொடி எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் படமாகவே காட்டும். கொஞ்ச நாளில் 'இது பத்தலை, பெருசா வாங்கணும்' என்று தோன்றும். பர்ஸைத் திறக்கும் முன் சில விஷயங்கள்...

எல்லை எது?

பலரும் வாங்கும் டி.எஸ்.ஓ.138 கிட்டின் பேண்ட்வித் 200 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். எனவே, ஆடியோ வேலைக்கு இது தாராளம். ஆர்டினோ ஊனோவில் ஓடும் 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை இதில் பார்க்கவே முடியாது. உங்கள் வேலை எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.

முதலில் புரோப்

கிட்டோடு வரும் முதலைக் கிளிப் ஒயருக்குப் பதில் 10எக்ஸ் புரோப் போடுங்கள். சோதிக்கும் சர்க்யூட்டின் மேல் சுமை குறையும். திரையில் தெரியும் வோல்டேஜை மட்டும் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஸ்கோப் தரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் புரோபை வைத்து, அதிலுள்ள குட்டி ஸ்க்ரூவைத் திருப்புங்கள். மூலைகள் மழுங்காமலும் துருத்தாமலும் நேராக வந்தால் சரி. வேகமான ஸ்கோப் என்றால் கிரவுண்ட் ஒயர் எவ்வளவு குட்டையோ, அவ்வளவு நல்லது. நீண்ட ஒயர் இல்லாத நெளிவுகளை எல்லாம் காட்டும்.

அடுத்து மென்பொருள்

டி.எஸ்.ஓ.138-க்கு டி.எல்.ஓ.138 என்ற இலவச ஃபர்ம்வேர் உண்டு. சின்ன ஒயரிங் வேலையோடு, ஒரு சேனல் கருவி இரண்டு சேனலாகிவிடும். ஆனால், நகல் போர்டுகளில் சிப் வேறாக இருக்கலாம். பார்க்காமல் ஏற்றினால் கருவி முடங்கலாம்.

2010-ல் ரைகால் டி.எஸ்.1052இ என்ற 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பை, மென்பொருள் மாற்றத்தாலேயே 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கலாம் என்று ஆஸ்திரேலிய இன்ஜினீயர் டேவ் ஜோன்ஸ் காட்டினார். இரண்டு மாடல்களுக்கும் உள்ளே இருந்தது ஒரே ஹார்டுவேர்! இப்படிச் செய்தால் வாரன்ட்டி போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம்ம ஊர் கருவி

டெல்லியிலுள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர் உருவாக்கிய 'எக்ஸ்ப்ஐஸ்' பற்றித் தெரியுமா? மாணவர்களுக்கான இந்தச் சின்னப் பெட்டியில் ஆஸிலாஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர் இரண்டும் உண்டு. எக்ஸ்ப்ஐஸ்-17 மாடலை ஆண்ட்ராய்டு போனிலும் இணைக்கலாம். டிசைனும் மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தவை.

இதை மட்டும் செய்யாதீங்க!

230 வோல்ட் கரன்ட்டில் நேரடியாக ஸ்கோப்பை வைக்காதீர்கள். விலை குறைந்த எல்.இ.டி பல்புகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. உள்ளே தொட்ட இடமெல்லாம் ஷாக். பிளக்கில் ஓடும் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப், எர்த்தோடு இணைந்தது. அதை அங்கே மாட்டினால் ஷார்ட் ஆகி வெடிக்கும். எர்த் பின்னை வெட்டிவிட்டால் தப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்போது ஸ்கோப்பின் உலோகப் பாகங்களிலேயே கரன்ட் ஏறி நிற்கும். பேட்டரி ஸ்கோப்பிலும் இதே ஆபத்துதான். வீட்டில் பிள்ளைகள் இந்த வேலை பழகுகிறார்கள் என்றால், பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

புரோபும் மென்பொருளும் மாற்றிய பிறகும், உங்களுக்குத் தேவையான சிக்னல் கருவியின் எல்லையைத் தாண்டி நிற்கிறதா? அப்போது தாராளமாகப் புதுசு வாங்குங்கள். பார்க்க வேண்டிய சிக்னலைப்போல ஐந்து மடங்கு பேண்ட்வித் இருந்தால் நல்லது.