ஸ்கோர் ஷீட்டில் இருக்கும் பெயர் செய்தியில் ஏன் இல்லை?

2017 ஜூலை 23ஆம் தேதி பலருக்கும் நினைவிருக்கும். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இங்கிலாந்திடம் 9 ரன்னில் தோற்றோம். தோற்றாலும் நாடே அதை டிவியில் பார்த்தது. மிதாலி ராஜ், ஹர்மன்பிரீத் கவுர் பெயர்கள் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தன.

அதே நாளில் பெங்களூரில் மகளிர் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டி தொடங்கியது. ‘பி’ பிரிவில் ஆடிய இந்திய அணி இறுதிப் போட்டியில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அடுத்த முறை ஆசியாவின் முதல் தர அணிகளோடு ‘ஏ’ பிரிவில் மோதும் தகுதியும் கிடைத்தது. இரண்டே புள்ளி வித்தியாசம், அதுவும் நம் பக்கத்து ஊரில். இந்தச் செய்தி உங்களில் எத்தனை பேருக்கு வந்து சேர்ந்தது?

அந்த அணியில் ஆடியவர் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 19 வயதிலேயே இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர். தொடர்ந்து 9 ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் நாட்டுக்காக ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தபோது, எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பலரும் என்னிடம் கேட்டது, “யார் மிஸ் இவங்க?” என்றுதான். அவர்கள் எல்லோரும் தினமும் பேப்பர் படிக்கிறவர்கள். ஒரு தமிழ்ப் பெண் பதினேழு ஆண்டுகள் இந்திய ஜெர்சியில் ஆடி முடித்து, விருதும் அறிவிக்கப்பட்ட பிறகு வந்த கேள்வி அது. கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

தெற்கு ரயில்வே அணியில் அனிதாவோடு ஆடிய கீது அன்னா ஜோஸ் கதையும் இதுதான். கேரளத்துப் பெண், ஆறடிக்கு மேல் உயரம். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடினார். 2011இல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் அணிகள் மூன்று அவரைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்தன. வேறொரு விளையாட்டில் இது நடந்திருந்தால் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசியிருப்போம்.

நான் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு பாயின்ட் கார்டாக ஆடியவள். காலையில் கிரவுண்டுக்குப் போகும் முன் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுவது பழக்கம். மாவட்ட, மாநிலப் போட்டி முடிந்த மறுநாள் பெரும்பாலும் ஒரு படம் வரும். நடுவில் சிறப்பு விருந்தினர், கையில் கோப்பை. அவருக்கு இருபுறமும் சங்க நிர்வாகிகள். ஆடி ஜெயித்த பெண்கள் பின்வரிசையில் நிற்பார்கள். படத்துக்குக் கீழே விருந்தினர் பெயர், தலைவர் பெயர், செயலாளர் பெயர், பரிசளித்த நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருக்கும். ஆடியவர்களில் ஒருவர் பெயர்கூட இருக்காது.

பெயர் கிடைக்காமல் இல்லை. ஆட்டம் நடக்கும்போதே கோர்ட் ஓரத்து மேஜையில் ஸ்கோர் ஷீட் எழுதிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், ஜெர்சி எண். எந்தக் கூடையை யார் போட்டார், யாருக்கு எத்தனை ஃபவுல், கால் பகுதிக்கு எத்தனை புள்ளி, எல்லாம் அந்த ஒரே தாளில். ஆட்டம் முடிந்ததும் நடுவர் கையெழுத்துப் போட, கார்பன் நகல் இரண்டு அணிக்கும் போகும். நிருபர் நேரில் வரவே வேண்டாம். செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

பெயர் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னிடம் ஆடிய ஒரு பெண்ணின் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பயிற்சி முடிய ஐந்து நிமிடம் தாமதமானாலும் கேட்டில் வந்து நின்றுவிடுவார். பத்தாவதோடு ஆட்டம் போதும் என்று முடிவே செய்திருந்தார். மண்டலப் போட்டியில் அவள் 22 புள்ளி எடுத்ததை ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பதிப்பு நான்கு வரியில், பெயரோடு போட்டது. அவர் அதை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டினார். மாநில அணித் தேர்வு முகாமுக்கு அவரே பஸ் ஏற்றி அனுப்பினார். நான் இரண்டு வருடம் கெஞ்சிச் செய்ய முடியாததை அந்த நான்கு வரி செய்தது.

“பெண்கள் பேஸ்கட்பாலை யார் பார்க்கிறார்கள்?” என்பார்கள். அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் இதையே சொன்னார்கள். 2024 ஏப்ரலில் கல்லூரி மகளிர் இறுதிப் போட்டியில் தென் கரோலினாவும் அயோவாவும் மோதின. அதை டிவியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் பேர். அதே ஆண்டு ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 48 லட்சம். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் அபாரமான ஆட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனால் ஒரே இரவில் அத்தனை கூட்டம் சேரவில்லை. அவர் எத்தனை புள்ளி எடுத்தார், எந்தச் சாதனையை நெருங்குகிறார் என்று அதற்கு முன் பல மாதங்களாக ஊடகங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. மக்கள் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆட்டத்தைத் தேடிப் போனார்கள். வாசகர் இல்லை என்பதால் செய்தி போடவில்லை என்று நம் பத்திரிகை ஆசிரியர்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். போடாத செய்திக்கு வாசகர் எங்கிருந்து வருவார்?

விருது கிடைத்த நாளில் அரைப் பக்கக் கட்டுரை எழுதுவது நல்லதுதான். ஆனால் ஒரு பெண் ஆடுகிற காலத்தில் தேவைப்படுவது அது அல்ல. கோவையில் பெண்களுக்கென்றே சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கிறது. ரயில்வே உட்பட நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடும் களம் அது. விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த முறை அந்தப் போட்டி நடக்கும்போது ஸ்கோர் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிகப் புள்ளி எடுத்த மூன்று பேரின் பெயரையும் ஊரையும் புள்ளியையும் தினமும் அச்சிடுங்கள்.